வீட்டுக்கு போர் போடப் போகிறவர்களுக்கு: வண்டி வரும் முன்பும் வந்த பின்பும்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் மனை வாங்கி வீடு கட்ட இறங்குகிறவர்களுக்கு முதல் செலவாக வந்து நிற்பது போர்வெல்தான். குழாய்த் தண்ணீர் எப்போதோ ஒரு நாள் வருகிற ஊரில், போர் இல்லாமல் அஸ்திவாரத்துக்குக் கலவை கூடப் போட முடியாது. சூலூர் பக்கம் நான் வீடு கட்டத் தொடங்கியபோது விசாரித்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை சொன்னார்கள், ஒவ்வொரு ஆழம் சொன்னார்கள். என்ன காகிதம் வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும், எந்த இடத்தில் பணம் கையை விட்டுப் போகும் என்று முழுசாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை, அடுத்து போர் போடுகிறவர்கள் அலையாமல் இருப்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்குத் தேவையான தண்ணீர் நாம் நினைப்பதைவிடக் குறைவு. போர் செலவில் பெரும்பகுதி, தேவைக்கு மேல் ஆழமாகப் போவதில்தான் கரைகிறது. எத்தனை அடி வரை போவது, எவ்வளவு தண்ணீர் கிடைத்தால் நிறுத்துவது என்ற இரண்டையும் துளையிடும் வண்டி வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இது பாறைப் பகுதிக்கான வழிகாட்டி. தமிழ்நாட்டின் பெரும்பகுதி பாறை நிலம்தான். சென்னைக் கடற்கரை, கடலூர், காவிரி டெல்டா போன்ற மணற்பாங்கான இடங்களில் போடும் முறையே வேறு. அங்கே அடி வரை துளையிட்ட பைப் இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் கொட்டுவார்கள். ஆழம் கூடினால் உப்பு நீர் ஏறும் அபாயமும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் உள்ளூரில் போட்டவர்களிடம் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. தேவையைக் கணக்குப் போடுங்கள்

நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் வைக்கும் அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். செடி கொடி, வண்டி கழுவுவது எல்லாம் சேர்த்தாலும் 1,000 லிட்டர் டேங்க் ஒன்றை தினமும் ஒரு முறை நிரப்பினால் போதும்.

இதை போர் போடுகிறவர்களின் கணக்கில் பார்ப்போம். அவர்கள் தண்ணீரை இஞ்சில் சொல்வார்கள்: "ஒரு இஞ்ச் தண்ணி", "ரெண்டு இஞ்ச் தண்ணி". வி வடிவத்தில் வெட்டிய தகடு வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு, அந்த வெட்டில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதுதான் இந்த அளவு. வெட்டு செங்கோணமாக இருந்தால் ஒரு இஞ்ச் என்பது மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் 1,000 லிட்டர் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது 2,900 லிட்டர் வரை போகும். மூன்று இஞ்ச் 8,000 லிட்டரை நெருங்கும்.

ஆக, ஒரு இஞ்ச் தண்ணீர் கிடைத்தாலே இரண்டு மணி நேரத்தில் உங்கள் டேங்குக்கு வேண்டியது ஊறிவிடுகிறது. போருக்குள் நிற்கிற தண்ணீரும் இருக்கிறது. ஆறரை இஞ்ச் அகலமுள்ள போரில் அடிக்கு ஆறரை லிட்டர் நிற்கும். மோட்டாருக்கு மேலே 200 அடிக்குத் தண்ணீர் நின்றால் 1,300 லிட்டர் எப்போதும் தயார். அரை இஞ்ச் கிடைத்து, "தண்ணி இல்லீங்க" என்று சொல்லப்பட்ட போரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவர் கதை வேறு. அவர் சொல்லும் ஆழத்தையும் இஞ்சையும் வீட்டுக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

2. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்

எந்த நிபுணரிடம் போவதற்கு முன்பும், உங்கள் மனையைச் சுற்றி போர் போட்ட ஏழெட்டு வீடுகளுக்குப் போய்வாருங்கள். "எத்தனை அடி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதி விவரம்தான் கிடைக்கும். கேட்க வேண்டியவை: கேசிங் (மேல் மண் சரியாமல் இறக்கும் பைப்) எத்தனை அடி இறங்கியது, முதல் தண்ணீர் எத்தனையாவது அடியில் வந்தது, அதற்குப் பிறகு போன ஆழத்தில் தண்ணீர் கூடியதா, எந்த மாதம் போட்டார்கள், சித்திரை வைகாசியில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, தண்ணீர் சப்பென்று இருக்கிறதா உப்புக் கரிக்கிறதா.

மூன்றாவது கேள்விக்கான பதில் உங்களுக்குப் பணம் மிச்சம் பிடித்துத் தரும். 700 அடி போட்டேன் என்பவரைக் கிளறிக் கேட்டால், தண்ணீர் 280-இல் வந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்பார். பாறைப் பகுதியில் தண்ணீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில். ஆழம் போகப்போக மேலே இருக்கும் எடை அழுத்தி வெடிப்புகள் பொதுவாகக் குறைந்துகொண்டே வரும். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் எடுக்கிறவர்களும் எங்கள் பக்கம் உண்டு. ஆனால் அந்த ஆழத்தில் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வீட்டு போரை நம்பி அந்தச் செலவுக்குப் போக வேண்டாம்.

மனையில் ஏற்கெனவே பழைய போர் இருந்தால், அதைக் கைவிடும் முன் கேமரா இறக்கிப் பாருங்கள். மண் சரிந்து அடைத்திருந்தால், கம்ப்ரசர் வைத்து ஃபிளஷ் செய்தாலே (காற்றடித்து உள்ளே இருக்கும் சேற்றை வெளியே தள்ளுவது) தண்ணீர் திரும்பும் வாய்ப்பு உண்டு. புது போரின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

3. இடம் பார்ப்பது

தேங்காய், வேப்பங்குச்சி, எலுமிச்சம்பழம் என்று நீரோட்டம் பார்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெரியவர்கள் மனம் நோகாமல் இருக்க ஒரு முறை கூப்பிட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தேங்காய் எழுந்து நின்றது என்பதற்காக ஆழத்தையும் செலவையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் ஆய்வு இருக்கிறது. நான்கு கம்பிகளைத் தரையில் நட்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் அளப்பார்கள். எந்த ஆழம் வரை மண், எங்கே கெட்டிப் பாறை தொடங்குகிறது, எந்த இடத்தில் வெடிப்பு இருக்க வாய்ப்பு என்று ஓரளவு சொல்ல முடியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். தனியார் நிலவியலாளர்களும் செய்கிறார்கள். அவர்களிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதில் இடம், எதிர்பார்க்கும் ஆழம், கேசிங் அளவு மூன்றும் இருக்க வேண்டும். இன்னொரு விஷயம், கம்பியை நீட்டிப் பிடிக்க நீளமான காலி இடம் வேண்டும். வீடுகள் நெருக்கமாகிவிட்ட தெருவில் இந்த ஆய்வு சரியாக வராது. பக்கத்து மனைகள் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

மூன்று சென்ட், ஐந்து சென்ட் மனையில் தேர்ந்தெடுக்கப் பெரிதாக இடமில்லை என்பது உண்மைதான். அப்படியானால் இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் செப்டிக் டேங்க், பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் இரண்டிலிருந்தும் 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். அவ்வளவு இடமில்லை என்றால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். அடுத்து, பிற்பாடு மோட்டாரைத் தூக்க ஆள் நின்று வேலை செய்யத் தலைக்கு மேல் திறந்த வெளி வேண்டும். போர்ட்டிகோவுக்கு அடியிலோ மாடிப்படிக்கு அடியிலோ வந்துவிட்டால், மோட்டார் பழுதாகும் ஒவ்வொரு முறையும் தலைவலி.

4. அனுமதியும் காகிதங்களும்

"சொந்த இடத்துல போர் போட யாருகிட்ட கேக்கணும்?" என்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும். கைவிடப்பட்ட போர்களில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைகள்படி, போர் போடுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக நில உரிமையாளர் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். போர் வண்டி நிறுவனம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2015-இல் இதற்கென விதிகள் வந்தன. கிராமத்தில் என்றால் ஊராட்சி அலுவலகம், நகரத்தில் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். சென்னையிலும் அதைச் சுற்றிய குறிப்பிட்ட கிராமங்களிலும் 1987-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டம் பொருந்தும். அங்கே அந்தச் சட்டப்படி அனுமதி வேண்டும். சென்னை நகரில் என்றால் சென்னைக் குடிநீர் வாரியத்தில் விசாரியுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பட்டா அல்லது கிரயப் பத்திர நகல், காலிமனை வரி அல்லது வீட்டு வரி ரசீது, ஆதார் நகல், போர் வரும் இடத்தைக் குறித்த மனை வரைபடம், வண்டி நிறுவனத்தின் பதிவுச் சான்று நகல். கடைசிச் சான்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏஜெண்டிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கொடுத்த பிறகு "நாளைக்கு அனுப்பறேன்" என்று இழுப்பார்கள். விண்ணப்பம் கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வண்டிக்காரர் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் சம்மதிக்காதீர்கள். அனுமதி உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது புகார் கொடுத்தால் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

5. எந்த மாதம் போடுவது

முடிந்தால் ஏப்ரல், மே. வண்டிக்குக் கிராக்கி இருக்கும், விலை சற்றுக் கூடும், சொன்ன தேதிக்கு வராது. ஆனாலும் நிலத்தடி நீர் அடிமட்டத்தில் இருக்கும் அந்த மாதத்தில் கிடைக்கிற தண்ணீரை நம்பலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போட்டுவிட்டு, நூறு அடியிலேயே தண்ணீர் கொப்பளித்தது என்று சந்தோஷப்பட்டவர்கள் அடுத்த கோடையில் டேங்கர் லாரிக்குப் போன் செய்வதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில்தான் போட முடியும் என்றால், மேல்மட்டத்துத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல், அக்கம்பக்கத்தார் கோடையில் எடுக்கிற ஆழம் வரை போங்கள்.

வீட்டு வேலைக்கு முன்பா பின்பா என்றால், கண்டிப்பாக முன்பு. போர் வண்டி, கம்ப்ரசர் வண்டி என்று இரண்டு பெரிய லாரிகள் உள்ளே வர வேண்டும். வண்டியின் மாஸ்ட் (துளையிடும் கோபுரம்) நிமிர்ந்தால் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கக்கூடாது. காம்பவுண்ட் சுவர் எழுப்பிவிட்டு இடித்தவர்கள் உண்டு. மழை பெய்து ஊறிய மண்ணில் லாரி புதைந்தால் ஜேசிபி வாடகையும் நம் தலையில்தான்.

6. விலை பேசுவது

போர் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டு வண்டிகளும் ஏஜெண்டுகளும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை, அதனால் வண்டிக்குப் பஞ்சம் கிடையாது. குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அடிக்கு எவ்வளவு என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். விலை ஆழத்துக்கு ஆழம் ஏறும்.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். முதல் 300 அடிக்கு அடி 100 ரூபாய், பிறகு ஒவ்வொரு நூறு அடிக்கும் அடிக்கு 10 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 300 அடிக்கு 30,000 ரூபாய். 500 அடிக்கு 53,000. 1,000 அடிக்கு 1,28,000. கடைசி நூறு அடிக்கு மட்டும் 17,000. நிஜத்தில் ஆழம் போகப்போக ஏற்றம் இதைவிடவும் செங்குத்தாக இருக்கும். டீசல் விலையைப் பொறுத்து அடிப்படை விலையும் மாறும். ஆகவே 1,000 அடி வரை ஒவ்வொரு நூறு அடிக்கும் என்ன விலை என்று பட்டியலாக வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தச் செய்தியிலேயே இன்னும் சில விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும்.

கேசிங் பைப் அடிக்கு எவ்வளவு, என்ன பைப். மேல் மண்ணும் உதிர்ந்த பாறையும் போருக்குள் சரியாமல் தடுப்பது இதுதான். ஆறரை இஞ்ச் போருக்கு ஏழு இஞ்ச் பிவிசி கேசிங் போடுவார்கள். ஐஎஸ் 12818 என்ற முத்திரையும் ஐஎஸ்ஐ குறியும் பைப்பிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். போர் போடுவதைவிட கேசிங்கின் அடி விலை பல மடங்கு அதிகம். எனவே 40 அடியா 120 அடியா என்பதில் மொத்தச் செலவே மாறிவிடும். அதற்காக மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கெட்டிப் பாறைக்குள் சில அடி இறங்கி உட்காரும் வரை கேசிங் போயே ஆக வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையில் மண் சரிந்து, மோட்டாரோடு போரும் போய்விடும்.

பாதியில் உதிர் பாறை வந்து உள்ளே இன்னொரு சின்னக் கேசிங் இறக்க வேண்டி வந்தால் அதன் விலை என்ன. பாறையை உடைக்கும் ஹேமரும் அதன் நுனியில் இருக்கும் பிட்டும் உள்ளே மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு. குறைந்தபட்சம் இத்தனை அடிக்குப் பணம் தர வேண்டும் என்று நிபந்தனை உண்டா. ஃபிளஷிங், வண்டி வாடகை, ஆட்களுக்கு பேட்டா, சாப்பாடு, ஜிஎஸ்டி எல்லாம் விலைக்குள் அடக்கமா. அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது.

போரின் அகலம் நாலரை இஞ்சா ஆறரை இஞ்சா என்றும் கேட்பார்கள். நாலரை மலிவு. ஆனால் மோட்டார் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும், சின்ன கல் விழுந்தாலும் மாட்டிக்கொள்ளும், உள்ளே நிற்கும் தண்ணீரும் பாதிக்குக் குறைவு. கொஞ்சம் செலவானாலும் ஆறரையே போடுங்கள்.

7. போர் போடும் அன்று

முந்தின நாளே அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லிவிடுங்கள். காது அடைக்கும் சத்தம், தெரு முழுக்க வெள்ளைத் தூசி. துணி காயப் போட்டிருந்தால் அவ்வளவுதான். சேறு ஓடுவதற்கு ஒரு பள்ளமும் வாய்க்காலும் வெட்டி வையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

வண்டி பெரும்பாலும் இரவில்தான் வரும். எத்தனை மணியானாலும் வீட்டு ஆள் ஒருவர் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதல் வேலை, ஒரு ராடின் (ஒன்றோடு ஒன்று மாட்டி உள்ளே இறக்கும் இரும்புக் குழாய்) நீளத்தை டேப் பிடித்து அளப்பது. பல வண்டிகளில் 20 அடி இருக்கும், ஆனால் அளக்காமல் நம்பாதீர்கள். பிறகு ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். என்னிடம் வந்த வண்டியில், முடிந்த பிறகு மேனேஜர் சொன்ன அடிக்கும் என் நோட்டுக் கணக்குக்கும் இரண்டு ராடு வித்தியாசம். நோட்டைக் காட்டியதும் பேச்சில்லாமல் குறைத்துக்கொண்டார். நோட்டு இல்லாவிட்டால் 40 அடிக்கான பணம் போயிருக்கும், அதுவும் உச்ச விலையில். போர் முடிந்ததும் கயிற்றில் கனமான இரும்பைக் கட்டி இறக்கியும் ஆழத்தைச் சரிபார்க்கலாம்.

என்ன எழுதுவது? முதலில் செம்மண், பிறகு சுண்ணாம்புக் கல் போலப் பொடிப்பொடியாக, அதன் பிறகு சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூசி. கெட்டிப் பாறை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் வரும் முன் தூசி மங்கும். வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது ஈரமாகி, சின்னச் சின்ன உருண்டைகளாக வந்து விழும். உதவிக்கு நிற்கிற பையன் மண்வெட்டியை நீட்டி ஒரு வாய் பிடித்து, கையில் பிசைந்து பார்ப்பான். உருண்டை பிடித்தால் ஈரம். சட்டென்று ராடு ஓரிரு அடி வழுக்கிக்கொண்டு இறங்கினால் "கேப் அடிச்சிருக்கு" என்பார்கள். பாறையில் வெடிப்பு. சில சமயம் அதோடு பழுப்பு நிறக் கல் துண்டுகள் வரும். தண்ணீர் ஓடிப் பழுத்த பாறை அது, நல்ல அறிகுறி. ஒவ்வொரு கேப்பும் எத்தனையாவது அடி என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மோட்டாரை எங்கே தொங்கவிடுவது என்பது இந்தக் குறிப்பை வைத்துத்தான்.

8. எங்கே நிறுத்துவது

நள்ளிரவு தாண்டியிருக்கும். 400 அடியில் முக்கால் இஞ்ச் வந்திருக்கும். மேனேஜர் பக்கத்தில் வந்து, "இன்னொரு நூறு அடி போட்டா கண்டிப்பா ரெண்டு இஞ்ச் கிடைக்கும்ங்க, வண்டி திரும்ப வந்தா செலவு ஜாஸ்தி" என்பார். கூட நிற்கும் மாமா மச்சான் எல்லோரும் தலையாட்டுவார்கள். தூக்கக் கலக்கத்தில் அந்த நேரத்தில் எடுக்கிற முடிவுதான் பலரின் ஒரு லட்சத்தைத் தின்றிருக்கிறது.

எனவே பகலில், தெளிவாக இருக்கும்போது இரண்டு எண்களை எழுதி வையுங்கள். ஒன்று, போதுமான தண்ணீர்: நான்கைந்து பேர் வீட்டுக்கு ஒரு இஞ்ச். இரண்டு, அதிகபட்ச ஆழம்: அக்கம்பக்கத்தில் தண்ணீர் கிடைத்த ஆழங்களில் மிக அதிகமானதற்கு மேல் 50 அடி. இரண்டில் எது முதலில் வந்தாலும் நிறுத்துங்கள். தண்ணீர் நிற்பதற்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கேப்புக்குக் கீழே 50 முதல் 100 அடி வரை போவதில் நியாயம் உண்டு, அதையும் முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள். இந்த எண்களை மனைவியிடமோ தம்பியிடமோ சொல்லி வையுங்கள், உங்களைப் பிடித்து நிறுத்த ஒரு ஆள் தேவைப்படும்.

நிறுத்திய பிறகு அரை மணி நேரமாவது கம்ப்ரசர் ஓடி, உள்ளே இருக்கும் சேறும் தூளும் வெளியேறட்டும். அந்த நேரத்தில் வரும் தண்ணீரைத் தகட்டில் அளக்கச் சொல்லி நீங்களே பாருங்கள். தகடு இல்லை என்றால், ஓடும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் திருப்பி, 20 லிட்டர் கேன் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 144 விநாடி என்றால் மணிக்கு 500 லிட்டர்.

9. மூடி போடாமல் வண்டியை அனுப்பாதீர்கள்

தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இது பொருந்தும். வந்த போரைச் சுற்றி கேசிங்கை ஒட்டி அரை மீட்டருக்கு அரை மீட்டர் கான்கிரீட் மேடை, தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். வாய்க்கு வெல்டிங் செய்த இரும்புத் தகடு அல்லது போல்ட் போட்ட உறுதியான மூடி. மோட்டார் இறக்கும் வரை இரண்டு நாள்தானே என்று சாக்கையும் கல்லையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தண்ணீர் வராத போரை அடியிலிருந்து தரை மட்டம் வரை மண், கல், போர்த் தூள் கொண்டு நிரப்ப வேண்டும். இங்கே ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. காய்ந்த போரிலிருந்து கேசிங்கை உருவி எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு தொகையைக் கழித்துவிட்டு, குழியை அப்படியே விட்டுப் போவார்கள். கேசிங் போன பிறகு மேல் மண் சரிந்து வாய் அகலமாகிக்கொண்டே வரும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட போரில் விழுந்து, நாட்கணக்கில் போராடியும் காப்பாற்ற முடியாமல் போனதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். குழி முழுதாக நிரம்பும் வரை வண்டிக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நிரப்பியதைப் போட்டோ எடுத்து ஊராட்சியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

10. மோட்டார்

போர் போட்ட அன்றே மோட்டார் வாங்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் வந்து நிலைத்து நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்த பிறகு கடைக்குப் போங்கள். கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள்: போர் அளவு, மொத்த ஆழம், தண்ணீர் மட்டம், கேப் வந்த ஆழங்கள், எத்தனை இஞ்ச், டேங்கின் உயரம். இவற்றைக் கேட்காமல் "ரெண்டு ஹெச்பி போட்டுக்கங்க" என்கிற கடையில் வாங்க வேண்டாம். மோட்டாரோடு வரும் அட்டவணையில், உங்கள் ஆழத்துக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். ஊறுவதைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சுகிற மோட்டார், தண்ணீர் தீர்ந்து வெறுமனே ஓடி எரிந்துபோகும். குறைந்த தண்ணீர் போருக்குக் குறைந்த வேகம்தான் பொருத்தம். ஸ்டார்ட்டர் பெட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கும் வசதி கட்டாயம் இருக்கட்டும், கூடவே ஒரு டைமர்.

அரை இஞ்சுக்கும் கீழே, கலங்கலாக வருகிற போர் என்றால் கம்ப்ரசர் மோட்டார் நல்ல வழி. இயந்திரம் தரைக்கு மேலேயே இருக்கும், போருக்குள் குழாய்கள் மட்டும்தான். சத்தம் அதிகம், மின்சாரமும் கூடுதல். ஆனால் உள்ளே மாட்டிக்கொள்ளும் பயமில்லை.

சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்) என்றால், கேப் குறிப்பை வைத்து எங்கே தொங்கவிட்டாலும், போரின் அடியிலிருந்து 20, 30 அடியாவது மேலே நிறுத்துங்கள். அடியில் சேறு தங்கும். பைப், கேபிளோடு கனமான நைலான் கயிறும் கட்டி இறக்கச் சொல்லுங்கள். கேபிள் இணைப்பைத் தண்ணீர் புகாமல் சுற்றுகிறார்களா என்று நின்று பாருங்கள். முதல் வருடப் பழுதுகளில் பல அந்த இணைப்பில்தான் வருகின்றன. ஆழத்தின் செலவு மின்கட்டணத்திலும் தொடரும்: 500 அடியிலிருந்து 1,000 லிட்டர் ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். இணைப்பில் அனுமதித்த லோடுக்குள் மோட்டார் வருகிறதா, சிங்கிள் ஃபேஸ் போதுமா என்று ஈபி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

11. தண்ணீரைப் பரிசோதியுங்கள்

மோட்டார் போட்டு சில நாள் ஓடித் தெளிந்த பிறகு, இரண்டு லிட்டர் சுத்தமான கேனில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். அறிக்கையில் பார்க்க வேண்டியவை: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை. கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தவர்கள் ஃபுளோரைடைக் கட்டாயம் பாருங்கள். கொதிக்க வைத்தால் அது போகாது. கான்கிரீட்டுக்கு இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் குளோரைடு 500-க்குள் இருக்க வேண்டும், மீறினால் கம்பி துருப்பிடிக்கும்.

பெரும்பாலான இடங்களில் போர்த் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். அதனால் வீட்டுக்கு பிளம்பிங் வரைபடம் போடும்போதே நல்ல தண்ணீருக்கு ஒரு லைன், உப்புத் தண்ணீருக்கு ஒரு லைன் என்று தனித்தனி டேங்கோடு பிரித்துவிடுங்கள். சமையலறைக்கும் குடிக்கவும் சிறுவாணி, அத்திக்கடவு, காவிரி எது வருகிறதோ அது, மற்றதுக்கெல்லாம் போர். சுவர் பூசிய பிறகு இதைச் செய்ய முடியாது.

12. மழைநீரை போர் பக்கம் திருப்புங்கள்

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர் விழுகிறது. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில், வீணாவது போக 45,000 லிட்டரை நிலத்துக்குள் அனுப்பலாம். போரிலிருந்து சில அடி தள்ளி ஒரு குழி, அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல். மாடித் தண்ணீரை அதில் விடுங்கள். வடிகட்டாத மழைத் தண்ணீரை நேரடியாக போருக்குள் விட்டால் அழுக்கும் கிருமியும் நேரே நீரோட்டத்துக்குப் போய்ச் சேரும். வருடத்துக்கு ஒரு முறை, ஆனி ஆடிக்குள், மேல் மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள்.

13. ஒரு ஃபைல்

அனுமதிக் கடிதம், விலைப் பட்டியல், ராடு கணக்கு நோட்டு, பில், மோட்டார் வாரண்டி, தண்ணீர் அறிக்கை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அதன் அட்டையில் இவற்றைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: போர் ஆழம், கேசிங் அடி, கேப் வந்த அடிகள், மோட்டார் தொங்கும் அடி, பைப் அளவு. மோட்டார் நின்றுபோய் மெக்கானிக் வரும்போது அவர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் ஜனவரியும், தண்ணீர் மட்டத்தை அளந்து அதே அட்டையில் தேதியோடு குறித்துவாருங்கள். மட்டம் மோட்டாரை நோக்கி இறங்கி வருவது தெரிந்தால், எரிவதற்கு முன்பே இன்னும் கீழே இறக்கிக்கொள்ளலாம்.